வேப்பேரி கடனாளியும் ஆயாவின் பாட்டுப் புத்தகமும்

இந்த எபிசோடை ஏற்கெனவே காதால கேட்டவங்களுக்கு ஒரு தகவல்: எழுத்துக்காகக் கொஞ்சம் வெட்டி ஒட்டியிருக்கேன். நடுவுல வந்த குக்கர் விசில் மூணையும் எடுத்தாச்சு.

எனக்கு அப்போ எட்டு வயசு. அம்பத்தூர்ல ஒரு போர்ஷன் வீடு. அப்பா எஸ்டேட்ல லேத் ஆப்பரேட்டர். ஒரு நாள் ராத்திரி அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழட்டாம உட்கார்ந்துட்டார். மாசாமாசம் கட்டிட்டு வந்த சீட்டுப் பணம் மொத்தமும் போச்சு. நடத்தினவர் ஊர்ல இல்லை. அக்கா காலேஜ் ஃபீஸுக்குன்னு வச்சிருந்த பணம் அது. அம்மா அழுதாங்க. அப்பா சுவத்தைப் பார்த்துட்டே இருந்தார். எங்க ஆயா, அப்பாவோட அம்மா, வழக்கமா எட்டு மணிக்கு என்ன செய்வாங்களோ அதையே அன்னைக்கும் செஞ்சாங்க. அட்டை பிஞ்ச ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் பாட ஆரம்பிச்சாங்க. அதுவும் சோகப்பாட்டு இல்லை, சந்தோஷப் பாட்டு.

எனக்கு வந்த கோவம் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. இந்தக் கிழவிக்கு நடந்தது புரியலையா, இல்ல புரிஞ்சும் நடிக்கிறாங்களா? கடவுள்ல கிடைக்கிற சந்தோஷம் நிலைக்கும்னு சர்ச்ல ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சொல்வாங்க. அந்த ராத்திரியிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல்தான். இருபது வருஷம் கழிச்சு, ஒரு அகராதி வழியா அந்தப் பாட்டுப் புத்தகத்துக்குத் திரும்பி வருவேன்னு நினைக்கல.

வார இறுதியில நானும் ஒரு நண்பனும் தமிழ் எழுத்துப்பிழை திருத்தி ஒண்ணு எழுதிட்டு இருந்தோம். (இன்னும் முடியல. கேக்காதீங்க.) சிகாகோ பல்கலைக்கழகத்தோட இணையதளத்துல பழைய தமிழ் அகராதிகள் தேடுற வசதியோட இருக்கு. அதுல ஒண்ணு ஃபெப்ரீஷியஸ் அகராதி. பேரைப் பார்த்ததும் புரசைவாக்கத்துல பஸ்ஸுல போகும்போது பார்க்கிற பள்ளிக்கூட போர்டு ஞாபகம் வந்துச்சு. அதே ஃபெப்ரீஷியஸ். ஆயாவோட ஞானப்பாட்டுப் புத்தகத்துலயும் அதே ஆளோட கைதான் இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

யோஹான் ஃபிலிப் ஃபெப்ரீஷியஸ். 1711ல ஜெர்மனியில பிறந்தவர். முதல்ல படிச்சது சட்டம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி குத்தும். அப்புறம் ஹாலே நகரத்துக்குப் போய் இறையியல் படிச்சார். 1706லயே சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல கொண்டு வந்திருந்தார். அந்த மிஷனுக்குத்தான் 1740ல ஃபெப்ரீஷியஸும் வந்தார். 1742 கடைசியில சென்னைக்கு மாத்தினாங்க. அதுக்கப்புறம் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. கல்யாணமும் பண்ணிக்கல. கொஞ்ச வருஷத்துல வேப்பேரிதான் அவரோட ஊர் ஆயிடுச்சு.

நம்ம பக்கத்து ஆளுங்க வேப்பேரியை வேற ஊரா நினைக்க வேண்டாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்து ஊர்தான் அது. ஆனா கோட்டைக்கு வெளியே இருந்ததால, சண்டைன்னு வந்தா முதல் அடி அங்கதான். 1758 டிசம்பர்ல லாலி தலைமையில பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகை போட்டப்போ வேப்பேரி மிஷன் வீட்டைச் சூறையாடினாங்க. ஃபெப்ரீஷியஸ் பழவேற்காட்டுக்கு ஓடினார், டச்சுக்காரங்க இடம்ங்கிறதால. முற்றுகை முடிஞ்சதும் திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடியும் மொழிபெயர்ப்பு.

1761ல காட்சி தலைகீழ். ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடிச்சு, அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டு வந்தாங்க. கம்பெனிகிட்ட இயந்திரம் இருக்கு, ஓட்டத் தெரிஞ்ச ஆள் இல்லை. கம்பெனிக்குத் தேவையானதை அச்சடிச்சுத் தரணும்ங்கிற நிபந்தனையோட அதை ஃபெப்ரீஷியஸ்கிட்ட கொடுத்தாங்க. சர்வரை ஓசியில குடுத்துட்டு, அப்பப்போ எங்க வேலையையும் ஓட்டிக் குடுன்னு சொல்ற மாதிரி. வேப்பேரி அச்சகத்தோட தொடக்கம் இதுதான். புதிய ஏற்பாடு 1772. பிரைட்ஹௌப்ட்னு இன்னொரு மிஷனரியோட சேர்ந்து தமிழ்-ஆங்கில அகராதி 1779, ஆங்கில-தமிழ் அகராதி 1786. இதுக்கு நடுவுல ஜெர்மன் லுத்தரன் பாட்டுகளை எல்லாம் தமிழுக்குக் கொண்டு வந்துட்டே இருந்தார். ஆயா பாடினது அந்த வரிசையில வந்த பாட்டு.

இதுவரைக்கும் கேட்டா நல்ல நினைவு மலர்க் கட்டுரை மாதிரி இருக்கும். நிறைய சர்ச் புத்தகங்கள் இங்கிருந்து நேரா 1791க்குத் தாவிடும். நான் தாவப்போறதில்லை.

அந்தக் காலத்துச் சென்னை, கடன் கொடுக்குற பைத்தியம் பிடிச்ச ஊர். ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்குக் கம்பெனி அதிகாரிகளே தனிப்பட்ட முறையில பெரிய வட்டிக்குப் பணம் கொடுத்தாங்க. அசலும் வட்டியும் ஏறி, 1785ல எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்துல எழுந்து அந்தக் கடன் ஊழலைப் பத்தியே ஒரு நீண்ட உரை நிகழ்த்துற அளவுக்குப் போச்சு. கவர்னர் வட்டம் முதல் சாதாரண சிப்பாய் வரைக்கும் 'இவ்வளவு போட்டா இவ்வளவு வரும்'னு பேசுற காலம். நம்ம காலத்து வாட்ஸப் குரூப் எதையாவது நினைச்சுக்கோங்க.

அந்தச் சுழல்ல ஃபெப்ரீஷியஸும் விழுந்தார். அவர் கையில இருந்த பணமும், அவரை நம்பி மத்தவங்க கொடுத்த பணமும் வட்டிக்குப் போச்சு. வாங்கினவங்க திருப்பித் தரல. கொடுத்தவங்க அவர் கழுத்தைப் பிடிச்சாங்க. சட்டம் படிச்ச மனுஷன், பைபிளைத் தமிழாக்கிய மனுஷன், வயசான காலத்துல கடனுக்காகச் சிறைக்குப் போனார்.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். அவர் சொகுசா வாழ்ந்த ஆள் இல்லை. எளிமையானவர்னுதான் எல்லாரும் எழுதியிருக்காங்க. 'பாவம், ஏமாந்துட்டார்'னு சொல்லிட்டு நகர்ந்துடலாம். எங்க வீட்டுல சீட்டு நடத்தினவரைப் பத்தியும் சிலர் அப்படித்தான் சொன்னாங்க: அவரும் ஏமாந்துட்டாராம். அப்பா அதுக்குப் பதிலே சொல்லல. நம்பிக் கொடுத்தவனுக்கு, வாங்கினவர் நல்லவரா கெட்டவராங்கிறது ரெண்டாம் கேள்வி. ஃபெப்ரீஷியஸ்கிட்ட கொடுத்தவங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதனால இந்தப் பகுதியைத் தியாக வரலாறு மாதிரி சொல்ல எனக்கு மனசு வரல. அவர் தப்பு பண்ணினார், அதுக்கான விலையில ஒரு பங்கை மத்தவங்களும் கொடுத்தாங்க.

1788ல மிஷன் பொறுப்பு கெரிக்கே என்கிற இன்னொரு மிஷனரி கைக்குப் போச்சு. 1791 ஜனவரியில, 80 வயசுல, ஃபெப்ரீஷியஸ் இறந்தார். அவரோட பழைய ஏற்பாடு மொத்தமும் அச்சாகி முடிஞ்சது 1796ல. அதை அவர் பார்க்கல.

இப்போ என் பழைய கேள்விக்கு வர்றேன். கடவுள்ல கிடைக்கிற சந்தோஷம் நிலைக்கும்னு ஒரு ஊருக்கே பாடக் கத்துக் கொடுத்தவர் கடன் சிறையில இருந்தார்னா, அந்தச் சந்தோஷம் எங்க போச்சு?

சி.டி.எச். ரோட்டுல ஆவடி பக்கம் போனீங்கன்னா சுவரொட்டி பார்த்திருப்பீங்க. வாங்க, கடன் தீரும், வியாதி போகும், ஆசீர்வாதம் பெருகும். அந்தக் கணக்குல ஃபெப்ரீஷியஸ் முழு ஃபெயில். எங்க அப்பாவும் ஃபெயில். அந்தக் கணக்கே அந்தப் பாட்டுகளுக்கு அந்நியம்ங்கிறதை நான் தாமதமாத்தான் கண்டுபிடிச்சேன். ஜெர்மன் லுத்தரன் பாட்டெழுதினவங்கள்ல மிகப் பெரிய பேர் பவுல் கெர்ஹார்ட். 1607ல பிறந்தவர். இளமையெல்லாம் முப்பதாண்டுப் போருக்குள்ள போச்சு. பெத்த அஞ்சு பிள்ளைகள்ல நாலு பேரைச் சின்ன வயசுலயே புதைச்சார். மனைவியும் அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க. கோடைகாலத்தைப் பார்த்து மனசே போய் மகிழ்ச்சியைத் தேடுன்னு எழுதின பாட்டு அவரோடதுதான். இந்த மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து வந்த பாட்டு மரபைத்தான் ஃபெப்ரீஷியஸ் மூட்டை கட்டித் தமிழுக்குக் கொண்டு வந்தார்.

இன்னும் பின்னாடி போனா, புதிய ஏற்பாட்டுல சந்தோஷத்தைப் பத்தி அதிகமாப் பேசுற கடிதம் பவுல் பிலிப்பியருக்கு எழுதினது. எப்பவும் சந்தோஷமா இருங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்ற அந்தக் கடிதம் எழுதப்பட்ட இடம் சிறை. வெளிய என்ன தீர்ப்பு வரும், உயிர் இருக்குமான்னே தெரியாத நிலை. அதே கடிதத்துல துக்கத்துக்கு மேல துக்கம் வந்துடுமோன்னு பயந்ததையும் ஒத்துக்கறார். ரெண்டும் ஒரே தாள்ல இருக்கு.

தமிழ் பைபிள் வாசிச்சவங்களுக்குக் 'களிகூருதல்'ங்கிற வார்த்தை தெரியும். சர்ச்சுக்கு வெளிய அதை யாரும் பேசறதில்லை. களின்னா மகிழ்ச்சி, களின்னா போதை. ஆனா நம்ம ஊர்ல களின்னா முதல்ல ஞாபகம் வர்றது ஜெயில்தான். 'களி திங்கப் போற'ன்னு வாத்தியார் திட்டுவார் இல்லையா? பவுலும் ஃபெப்ரீஷியஸும் ரெண்டு களியையும் பார்த்தவங்க. இது என் மொக்கை. போதகர்கள் எடுத்துக்கலாம், காசு வேண்டாம்.

சந்தோஷத்தை நான் ஒரு ஸ்டேட்டஸ் லைட் மாதிரி நினைச்சுட்டு இருந்தேன். உள்ளே எல்லாம் சரியா ஓடினா பச்சை, இல்லைன்னா சிவப்பு. அதனாலதான் ஆயா பொய் சொல்றாங்கன்னு தோணுச்சு. ஆனா கிறிஸ்தவ மரபு சந்தோஷத்தைக் கட்டளையாச் சொல்லுது: சந்தோஷமா இரு. உணர்ச்சியைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது. ஒரு பக்கம் திரும்புன்னு வேணும்னா கட்டளை போடலாம். அந்த மரபு சொல்றது இதைத்தான்னு நான் புரிஞ்சுக்கறேன்: சந்தோஷத்துக்குக் காரணம் என் நிலைமையில இல்லை, கடவுள்ல இருக்கு. என் நிலைமை மாறும், கையில இருக்கறது போகும், நானே கேவலமாத் தோத்தும் போவேன். காரணம் அங்கேயே இருக்கும். அதனால திரும்பிப் பார்த்துப் பாட முடியும். குரல் நடுங்கினாலும் அது பொய் இல்லை.

இதை நம்பணுமா வேண்டாமாங்கிறது உங்க விஷயம். நானே எல்லா நாளும் நம்பறேன்னு சொல்ல முடியாது. ஆனா நிலைக்கிற சந்தோஷம்னா சிரிச்ச முகம்னு இனி யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஃபெப்ரீஷியஸ் சிறைக்குள்ள பாடினாரா, அழுதாரான்னு நான் கற்பனை பண்ணப்போறதில்லை. வெளிய நடந்தது தெரியும். அவர் பேர் கெட்டுப்போன பிறகும் வேப்பேரியில, தரங்கம்பாடியில, தஞ்சாவூர்ல ஜனங்க அவர் கொடுத்த பாட்டைப் பாடறதை நிறுத்தல. லுத்தரன் சபைகள் அவரோட பைபிளை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் கையில வச்சிருந்தாங்க. 1871ல முடிஞ்ச, இன்னைக்குப் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகள்ல வாசிக்கிற தமிழ் பைபிளுக்கும் அடித்தளமா எடுத்துக்கிட்டது அவரோட மொழிபெயர்ப்பைத்தான். அம்பத்தூர்லயோ பூந்தமல்லியிலயோ ஞாயித்துக்கிழமை யாரோ ஒரு பொண்ணு மைக் முன்னாடி நின்னு பிலிப்பியர் நாலாம் அதிகாரம் வாசிக்கும்போது, அந்த வாக்கியங்களுக்கு அடியில ஒரு கடனாளியோட உழைப்பு கிடக்குது.

ஆயா 2016ல போயிட்டாங்க. போன மாசம் அம்மாகிட்ட அந்த ராத்திரியைப் பத்திக் கேட்டேன். அம்மா சிரிச்சாங்க. "உனக்குத் தெரியாதா? சீட்டு அப்பாவோடது மட்டும் இல்லடா. ஆயாவும் அதே ஆள்கிட்ட தனியா கட்டிட்டு இருந்தாங்க. சாவுச் செலவுக்குன்னு. பாட்டு முடிச்சுட்டுத்தான் எங்ககிட்டயே சொன்னாங்க."

பாட்டுப் புத்தகம் இப்போ என்கிட்ட இருக்கு. நடுவுல அந்தச் சீட்டு அட்டையும் இருக்கு, பதினோரு மாசம் கையெழுத்து போட்டு, மிச்சக் கட்டமெல்லாம் காலியா.

அடுத்த எபிசோட்ல வேப்பேரி அச்சகம் பிறகு என்ன ஆச்சுன்னு பார்க்கலாம். உங்க வீட்டுல பழைய ஞானப்பாட்டுப் புத்தகம் இருந்தா முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க, எந்த வருஷம் அச்சடிச்சதுன்னு தெரியற மாதிரி.