நியாயமான முறுமுறுப்பு

வாய்க்குள் பாதி அடங்கியும் பாதி அடங்காமலும் எழும் மனக்குறையைச் சுட்ட, ஒலியைப் பின்பற்றிப் பிறந்த சொல்லையே பல மொழிகள் தேர்ந்துகொண்டிருக்கின்றன. பாலைநிலத்தில் உணவுக்காக இஸ்ரயேலர் மோசேயிடம் குறைபட்டதை இலத்தீன் விவிலியம் ‘முர்முராரே’ என்ற வினையால் சொல்ல, தமிழ் வேதாகமம் ‘முறுமுறுத்தார்கள்’ என்றது. இரண்டுக்கும் உள்ள ஒலி ஒற்றுமை மொழிஉறவால் வந்ததன்று, தொண்டைக்குள் உருளும் அதே ஓசையை இரு மொழியினரும் கேட்டதால் வந்தது. கிறிஸ்தவ அறவுரைகளில் முறுமுறுப்பும் அதற்கு மாற்றான நன்றியுணர்வும் பெரும்பாலும் தனிமனிதரின் உள்ளத்துக்குள் நடக்கும் போராட்டமாகவே பேசப்படுகின்றன. ஆனால் பலரை ஒரே கூரையின்கீழ் ஒரே பானைச் சோற்றில் வாழவைக்க வேண்டியிருந்த துறவுமடங்களின் ஒழுங்குநூல்கள், இதே சிக்கலை அடுக்களையிலும் பண்டகசாலையிலும் வைத்துப் பார்க்க நேர்ந்தது என்பதும், அப்படிப் பார்த்ததால் அவை வேறொரு முடிவுக்கு வந்தன என்பதும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

இம்மனநிலையை நுணுகி ஆராய்ந்த முன்னோடிகள், நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் தனித்தும் சிறு குழுக்களாகவும் வாழ்ந்த துறவிகள் ஆவர். கெல்லியா என்ற துறவியர் குடியிருப்பில் வாழ்ந்து 399இல் மறைந்த எவாக்ரியுஸ், மனிதரை அலைக்கழிக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தபோது, எதிலும் பிடிப்பற்றுப் போகும் சலிப்பைக் குறிக்கும் ‘அக்கேடியா’ என்பதையே அவற்றுள் மிகக் கடியதாகக் கருதினார். நண்பகலை ஒட்டி வரும் இப்பேய், சூரியன் நகரவே இல்லை என்று எண்ணவைத்து, பகலை ஐம்பது மணி நேரமாக நீட்டிக் காட்டி, இருக்கும் இடத்தின்மீதும் செய்யும் கைத்தொழிலின்மீதும் வெறுப்பை மூட்டி, சகோதரரிடையே அன்பு வற்றிவிட்டது என்று நம்பவைக்கும் என்பது அவர் தரும் விளக்கம். அவருடைய சிந்தனையை மேற்கே கொண்டுசென்று, ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்செய் நகரில் மடங்களை நிறுவிய யோவான் கசியான், இந்நோய் பற்றியவர் தொலைவிலுள்ள மடங்களைப் புகழ்ந்து தம் மடத்தை இகழ்வார் என்றும் எழுதினார். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பாலைநிலத்துக்கும் பொருந்தும் போலும்.

இவர்கள் மருத்துவர்களைப்போல நோயை விவரித்தார்கள் என்றால், செசரியாவின் ஆயராக இருந்து 379இல் மறைந்த பசிலியார் நீதிபதியைப்போல நடந்துகொண்டார். முறுமுறுத்தபடி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றச் சகோதரர்களின் உழைப்போடு சேர்க்கக் கூடாது என்று அவருடைய விதி ஒன்று தடுக்கிறது. பழுதுள்ள காணிக்கையைப் பலிபீடத்தில் ஏற்காத பழைய வழக்கின் சாயல் கொண்ட இவ்விதியில் கண்டிப்பு இருக்கிறது. அந்த மனிதர் ஏன் முறுமுறுத்தார் என்ற கேள்விக்கு இடமில்லை.

அக்கேள்வியைத் தம் ஒழுங்குநூலுக்குள் கொண்டுவந்தவர், தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று வழங்கும் பெனடிக்ட் ஆவார். இத்தாலியின் நூர்சியாவில் ஏறத்தாழ 480இல் பிறந்து, சுபியாக்கோவின் குகையில் தனித்து வாழ்ந்து, பின்னர் மோந்தே கசீனோ மலையில் மடம் அமைத்த அவர் இயற்றிய ஒழுங்குநூல் 73 அதிகாரங்கள் கொண்டது. அவற்றுள் எட்டிலாவது முறுமுறுப்பு பெயர் சொல்லிக் கண்டிக்கப்படுகிறது. வாயால் மட்டுமன்றி உள்ளத்தால் முறுமுறுத்தாலும் கீழ்ப்படிதலுக்குரிய பலன் போய்விடும் என்கிறது ஐந்தாம் அதிகாரம். முறுமுறுப்பில் நிலைப்பவரை முதியவர்கள் இருமுறை தனியே எச்சரித்து, திருந்தாவிடில் எல்லார் முன்னிலையிலும் கடிந்து, அதற்கும் அசையாவிடில் விலக்கிவைக்க வேண்டும் என்கிறது இருபத்துமூன்றாம் அதிகாரம். குற்றத்தின் அளவுக்கேற்ப, பொதுப் பந்தியில் அமர விடாமலோ, கடுமையான நிலையில் பந்தியிலும் செபக்கூடத்திலும் சேர்க்காமலோ நிறுத்துவதே இங்கு விலக்கம் எனப்பட்டது.

இவ்வளவு கண்டிப்பானவர், உணவைப் பற்றிப் பேசும்போது அனுபவமுள்ள இல்லத் தலைவரின் குரலில் பேசத் தொடங்குகிறார். ஒரு கறி ஒத்துக்கொள்ளாதவர் மற்றதையாவது உண்ணட்டும் என்பதற்காக ஒவ்வொரு பந்தியிலும் சமைத்த பதார்த்தம் இரண்டு வேண்டும் என்று விதிக்கிறார். முறைவைத்து ஒரு வாரம் அடுக்களைப் பணி செய்பவர்களுக்கு, பசியோடு நின்று பிறர்க்குப் பரிமாறும்போது முறுமுறுப்பு எழாதிருக்க, பந்திக்கு ஒரு மணி நேரம் முன்பே வழக்கமான அளவுக்கு மேலாகச் சிறிது அப்பமும் பானமும் கொடுக்கச் சொல்கிறார். திராட்சைரசம் துறவிகளுக்கு ஆகவே ஆகாது என்று தாம் படித்திருந்தும், தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க இயலாது என்று ஒப்புக்கொண்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ‘ஹெமினா’, அதாவது ஏறத்தாழக் கால் லிட்டர் போதும் என்கிறார். அதுவும் கிடைக்காத ஊர்களில் வாழ்பவர்கள் முறுமுறுக்காமல் இறைவனைப் போற்ற வேண்டும் என்று அதே அதிகாரம் முடிகிறது.

இவை யாவற்றினும் நுட்பமானது நாற்பத்தொன்றாம் அதிகாரத்தின் ஒரு தொடர். கோடைக்காலத்தில் புதன், வெள்ளி நாள்களில் பிற்பகல் வரை நோன்பிருப்பது வழக்கமாயினும், வயல்வேலை இருந்தாலோ வெயில் மிகுந்தாலோ உணவு நேரத்தை மடத்தலைவர் முன்னுக்குக் கொண்டுவரலாம் என்று சொல்லும் அவ்விடத்தில், சகோதரர்கள் தம் கடமைகளை ‘நியாயமான முறுமுறுப்பு’ இன்றிச் செய்யும்படி அவர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது நூல். முறுமுறுப்பே பெருந்தீமை என்று வேறோரிடத்தில் எழுதிய அதே கை, அதில் நியாயமானதும் உண்டு என்று ஒப்புக்கொண்டு, அதைத் தவிர்க்கும் பொறுப்பை முறுமுறுப்பவர்மீது அன்றி ஆள்பவர்மீது வைத்துவிடுகிறது. இதற்கு விவிலியத்திலேயே முன்மாதிரி உண்டு: அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசியவர்கள் எருசலேமில் முறுமுறுத்தபோது, திருத்தூதர்கள் அவர்களைக் கடியாமல், பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரை ஏற்படுத்தினார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள்.

குறையை வெளியிடுவதற்கும் பெனடிக்ட் வழி விட்டிருந்தார். இயலாத வேலை சுமத்தப்பட்டவர் தக்க நேரம் பார்த்துப் பொறுமையாகக் காரணத்தை எடுத்துரைக்கலாம் என்கிறது அறுபத்தெட்டாம் அதிகாரம். விருந்தாக வந்து தங்கும் வெளியூர்த் துறவி மடத்தின் குறை எதையேனும் பணிவோடும் அன்போடும் சுட்டினால், அதற்காகவே இறைவன் அவரை அனுப்பினாரோ என்று தலைவர் எண்ணிப்பார்க்க வேண்டும் என்கிறது அறுபத்தொன்று. நன்றியுணர்வுக்குரிய இடமும் இதே கணக்கில்தான் வைக்கப்பட்டது: குறைவாகத் தேவைப்படுபவர் வருந்தாமல் இறைவனுக்கு நன்றி கூறட்டும், மிகுதியாகத் தேவைப்படுபவர் தம் பலவீனத்தை எண்ணித் தாழ்மை கொள்ளட்டும் என்று முப்பத்துநான்காம் அதிகாரம் சொல்லும்போது, எல்லார்க்கும் ஒரே அளவு என்ற எண்ணமே கைவிடப்படுகிறது. அடுத்தவர் தட்டைப் பார்த்து எழும் முறுமுறுப்பே பொதுவாழ்வில் பெரும்பான்மை என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும்.

இந்நூலை ஆண்டுக்கு மூன்று சுற்று முடியும்படி நாள்தோறும் ஒரு பகுதியாக உரக்கப் படிக்கும் வழக்கம் பெனடிக்ட் மடங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அவ்வாசிப்பின் முடிவை நெருங்கும்போது வரும் அறுபத்தாறாம் அதிகாரம், மடத்து வாசலில் விவேகமுள்ள முதியவர் ஒருவரை அமர்த்தச் சொல்கிறது. யாரேனும் கதவைத் தட்டினாலோ, ஏழை ஒருவர் வெளியே குரல் கொடுத்தாலோ, வந்தவர் யார், என்ன கேட்கப்போகிறார் என்று தெரிவதற்கு முன்பே அவர் சொல்ல வேண்டிய மறுமொழி ‘தேயோ கிராசியாஸ்’, அதாவது ‘இறைவனுக்கு நன்றி’ என்பதாகும். அம்முதியவருக்குத் துணை தேவைப்பட்டால் இளைய சகோதரர் ஒருவரைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே அதிகாரம் விதிக்கிறது.