மரண இரயில் பாதையும் வரலாற்றுக் கல்வியும்

இளந்தலைமுறையினர்க்கு வரலாற்றறிவு குன்றிவிட்டது என்னும் கவலை இந்நாளில் புதிதாகப் பிறந்ததன்று. ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு அடுத்து வரும் தலைமுறையைப் பற்றி இவ்வாறே கவன்று வந்துள்ளது. இக்கவலை எழும்போதெல்லாம் கல்வித்துறை மேற்கொள்ளும் வழியும் பெரும்பாலும் ஒன்றே. வரலாற்றுப் பாடத்துக்குரிய நேரம் கூட்டப்படும். அல்லது அதன் தேர்வு கட்டாயமாக்கப்படும்.

சிங்கப்பூரில் 1970களின் தொடக்கத்தில் தொடக்கப்பள்ளிகளில் வரலாறு தனிப்பாடமாக நிற்கும் நிலையை இழந்தது. 1974இல் வந்த வாழ்க்கைக் கல்வி என்னும் பாடம் குடிமை, வரலாறு, புவியியல் ஆகியவற்றை ஒன்றாகக் கலந்து வழங்கிற்று. கால் நூற்றாண்டு கழியுமுன்னரே, மாணவர்கள் தம் நாட்டின் அண்மைக்கால வரலாற்றையும் சரிவர அறியவில்லை என்பது 1996ஆம் ஆண்டில் ஆய்வின் வழித் தெரியவந்தது. அதன் விளைவாக 1997இல் தேசியக் கல்வித் திட்டம் தொடங்கப்பெற்றது. மலேசியாவில் 1980களின் இறுதியில் இடைநிலைப்பள்ளி மாணவர் அனைவர்க்கும் வரலாறு கட்டாயப் பாடமாயிற்று. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழ் பெறுவதற்கு வரலாற்றில் தேர்ச்சி பெற்றே ஆகவேண்டும் என்னும் விதி வந்தது. 2014இல் தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டிலும் வரலாறு தனிப்பாடமாக இடம்பெற்றது.

இம்முயற்சிகள் வேண்டப்படுவனவே, அவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும், பாட நேரம் மிகுவதாலும் தேர்வு கட்டாயமாவதாலும் மட்டும் ஒரு மக்கள் தம் வரலாற்றை அறிந்துவிடுவரோ என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இதனை ஆராய்வதற்குத் தமிழ் மக்களோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியே போதுமானது. அதுவே சயாம் - பர்மா மரண இரயில் பாதை.

பாதை பிறந்த கதை

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பல்லாயிரம் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்கள் சாங்கியில் கைதிகளாயினர். பர்மாவில் போரிட்ட ஜப்பானியப் படைக்கு உணவும் ஆயுதமும் கடல்வழியே சென்றுகொண்டிருந்தன. நேச நாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களால் அவ்வழி ஆபத்துக்குரியதாயிற்று. ஆகவே சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இரயில் பாதை ஒன்றை நிலத்தில் அமைப்பதென ஜப்பானியர் முடிவு செய்தனர். மலையும் காடும் நோயும் நிறைந்த அவ்வழியில் பாதை அமைப்பது பற்றி ஆங்கிலேயர் முன்னரே ஆராய்ந்து, அது மிகவும் கடினமென விட்டுவிட்டிருந்தனர்.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை ஓராண்டுக்குச் சற்று மிகுந்த காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இருபுறத்துத் தண்டவாளங்களும் கொங்குயித்தா என்னுமிடத்தில் ஒன்றாக இணைந்தன. பெரும்பாலும் மண்வெட்டி, கூடை, உளி, சம்மட்டி ஆகியவற்றைக் கொண்டே மனிதக் கைகளால் முடிக்கப்பட்ட வேலை அது. இதில் 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் ஈடுபடுத்தப்பட்டனர். ஆயினும் அவர்களைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாக அங்கே உழைத்தவர் ஆசியத் தொழிலாளரே. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் பர்மியரும் சாவகத்தாரும் அவருள் அடங்குவர். அவர்தம் மொத்தத் தொகை இரண்டு இலட்சத்தை ஒட்டியது என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பான்மையினர் இரப்பர்த் தோட்டத்துத் தமிழராவர். போரினால் மேலை நாட்டுச் சந்தைகள் மூடப்பட்டமையால் பால்மரம் சீவும் தொழில் முடங்கிற்று. பர்மா அரிசி வருவது நின்று, மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் உணவாயிற்று. வேலையும் சோறுமின்றித் தவித்த மக்களிடம், சில மாதத்து வேலை, நாட்கூலி, உணவு, திரும்பி வருதல் உறுதி என்று ஆசை காட்டப்பட்டது. ஆசைக்கு இணங்கியோர் போதாதபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் எனக் கட்டளை பிறந்தது, வற்புறுத்தலும் தொடர்ந்தது. மனைவி மக்களோடு சென்ற குடும்பங்களும் உண்டு. சரக்கு வண்டிகளில் அடைக்கப்பட்டுப் பான்போங் வரை சென்று, அங்கிருந்து மழையிலும் சேற்றிலும் பல நாள் நடந்து அவர்கள் காட்டு முகாம்களை அடைந்தனர். போருக்குப் பின் தொகுக்கப்பட்ட கணக்கொன்று மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000 பேர் என்கிறது.

1943ஆம் ஆண்டு மே, சூன் திங்கள்களில் பருவமழையோடு வாந்திபேதி பரவிற்று. போர்க்கைதிகளுக்கு அவர்தம் படை அதிகாரிகளும் மருத்துவர்களும் உடனிருந்தனர். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தல், கழிப்பிடக் குழி தோண்டுதல், நோயாளிகளைப் பிரித்து வைத்தல் முதலான ஒழுங்குகளை அவர்களால் ஓரளவேனும் கடைப்பிடிக்க முடிந்தது. தோட்டத் தொழிலாளர்க்கோ அத்தகைய அமைப்பு எதுவுமில்லை. மருந்துமில்லை, மருத்துவருமில்லை. ஒரே காடு, ஒரே மழை, ஒரே நோய் ஆயினும் இறப்பு இருசாராரிடத்தும் ஒரே அளவில் நிகழாமைக்கு இதுவே தலையாய காரணமாகும்.

இருவகைக் கணக்கு

போர்க்கைதிகளுள் இறந்தோர் ஏறத்தாழ 13,000 பேர். அதாவது ஐவரில் ஒருவர். ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. இவ்விரண்டு கணக்கையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். முதற்கணக்கு ஆள் ஆளாக எண்ணிப் பெறப்பட்டது. இரண்டாம் கணக்கிலோ கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே 20,000 மனிதர். இருபதாயிரம் பேர் மாண்டனரா, இலரா என்பதே உறுதி செய்யப்படாமல் நிற்கிறது.

இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது? படையினர்க்குப் பெயர்ப்பட்டியல் இருந்தது. முகாமில் ஒருவர் இறந்தால் பெயரும் எண்ணும் நாளும் புதைத்த இடமும் மறைவாகவேனும் குறிக்கப்பட்டன. போர் முடிந்தபின் அக்குறிப்புகளைக் கொண்டு கல்லறைகள் தேடப்பட்டு, உடல்கள் எடுக்கப்பட்டு, போர்க் கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன. காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர்க்கு நினைவிடம் உண்டு. அடையாளம் காணப்பட்டோர் ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறித்த பலகை அமைந்துள்ளது.

தோட்டத் தொழிலாளரும் பெயரில்லாதவராகப் பிறந்தவரல்லர். தோட்டத்தில் நாள்தோறும் விடியற்காலைப் பெரட்டில் அவர்தம் பெயர் கூப்பிடப்பட்டது. கிராணியார் அதனைச் செக்ரோலில் பதிந்தார். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அதுவும் ஏட்டில் ஏறியது. கூலி கணக்கிடுவதற்காக அவ்வளவு கருத்தாக எழுதப்பட்ட அப்பெயர்கள், சயாமுக்கு ஏற்றப்பட்டபின் வெறும் தலைத்தொகையாயின. காட்டில் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைக்கும் பொறுப்பு யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. எரிக்கப்பட்டோர் சாம்பலாயினர், புதைக்கப்பட்டோர் ஒரே குழியில் பலராகப் புதைக்கப்பட்டனர்.

1943ஆம் ஆண்டின் நடுவில், கைதிகளாயிருந்த மருத்துவப் பணியாளரைக் கொண்ட இரு குழுக்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்பட்டன. கே படை, எல் படை என அவை பெயர் பெற்றன. ஆசியத் தொழிலாளர் முகாம்களில் பணியாற்றுவதே அவற்றின் வேலை. தமிழ்த் தொழிலாளர் பட்ட பாடு பற்றி இன்று கிடைக்கும் எழுத்துச் சான்றுகளுள் கணிசமான பகுதி இம்மருத்துவர்களும் பிற கைதிகளும் விட்டுச் சென்ற குறிப்புகளே. ஒரு மக்களின் பெருந்துயரம், அம்மக்களின் மொழியறியாத பிறரது ஏட்டின் வழியே பெரிதும் வெளிப்பட வேண்டியதாயிற்று.

மக்கள் அறிந்தது எது?

இந்நிகழ்ச்சியைப் பற்றி உலக மக்கள் பெற்ற அறிவு பெரும்பாலும் பள்ளியிலிருந்து வந்ததன்று, திரையரங்கிலிருந்து வந்ததாகும். 1957இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலப் படம் ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது அது. படம் பிடிக்கப்பட்ட இடமோ இலங்கை. கதையின் நடுவில் நிற்பவர் ஓர் ஆங்கிலப் படைத்தலைவர். இரயில் பாதையில் மிகப் பெருந்தொகையினராய் மடிந்த ஆசியத் தொழிலாளர்க்கு அக்கதையில் இடமில்லை. படத்தில் மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படுகிறது. மெய்யான இரும்புப் பாலமோ 1944, 1945ஆம் ஆண்டுகளில் விமானக் குண்டுவீச்சுக்கு உள்ளாகிப் போருக்குப்பின் செப்பனிடப்பட்டு இன்றும் நிற்கிறது.

இதனினும் வியப்பிற்குரியது ஒன்றுண்டு. அப்பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றின் பெயர் மேகுலோங். படத்தைக் கண்டு வந்த பயணிகள் குவாய் ஆற்றையே தேடினர். ஆகவே 1960 வாக்கில் அவ்வாற்றுப் பகுதிக்குக் குவாய் யாய் எனப் பெயர் மாற்றப்பட்டது. வரலாற்றைப் பார்த்துக் கதை எழுதுவது உலக வழக்கு. ஈண்டு கதையைப் பார்த்து நிலவரைபடமே திருத்தப்பட்டது. பொதுமக்களின் வரலாற்றறிவு எங்கிருந்து உருவாகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தமிழரின் நினைவும் இதற்கு முற்றும் விலக்காக இருக்கவில்லை. இரயில் பாதை இணைந்த நான்காம் நாள், 1943 அக்டோபர் 21ஆம் நாள், சிங்கப்பூர்க் கத்தே அரங்கில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். இந்திய தேசிய இராணுவமும் ஜான்சிராணிப் படையும் தமிழரின் நெஞ்சில் பெருமிதத்தோடு நிலைபெற்றன, அது முறையே. அதே தோட்டங்களிலிருந்து சென்று அதே ஆண்டில் மாண்ட தொழிலாளரின் நினைவோ வீட்டு வாசலைத் தாண்டவில்லை. பெருமை தரும் வரலாறு மேடையேறுகிறது. துயரம் தரும் வரலாறு பாட்டியின் புலம்பலாய்க் குடும்பத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அத்துயரத்தை எழுத்தில் நிலைநிறுத்தும் பணியைப் படைப்பிலக்கியவாதிகள் ஏற்றனர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இலும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இலும் நூல் வடிவம் பெற்றன. ஹெல்பயர் கணவாயில் ஆஸ்திரேலிய அரசு அமைத்த நினைவு அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. மாண்ட தமிழர்க்கெனக் காஞ்சனபுரியில் நடுகல் எழுந்தது 2024ஆம் ஆண்டில்தான்.

வகுப்பறையில் செய்ய வேண்டுவது

பள்ளிப் பாடத்தில் ஜப்பானியர் ஆட்சிக்கு இடமில்லாமலில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது கற்பிக்கப்பட்டே வருகிறது. குறை, பாடம் அமைந்திருக்கும் முறையில் உள்ளது. காரணங்கள் இவை, விளைவுகள் இவை, ஆண்டு இது என முடிந்த முடிபுகளாகப் பாடம் தரப்படுகிறது. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து விடைத்தாளில் இறக்கி வைக்கின்றனர். அம்முடிபுகள் எந்தச் சான்றிலிருந்து பெறப்பட்டன, அச்சான்றை எழுதியவர் யார், எழுதப்படாமல் விடுபட்டோர் யார் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. இவ்வினாக்களைப் பழகாத மாணவர், வளர்ந்து பொதுமக்களாகும்போது திரைப்படத்தையும் வரலாற்றையும் பிரித்தறிய இயலாதவராகிவிடுகின்றனர்.

இதனைத் திருத்தப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. 13,000 என்னும் எண்ணையும், 80,000 முதல் 1,00,000 வரை என்னும் எண்ணையும் கரும்பலகையில் எழுதி, ஒன்று உறுதியாகவும் மற்றொன்று ஐயமாகவும் இருப்பது ஏன் என்று ஆசிரியர் வினவட்டும். ஒரு பாடவேளைக்குள் மாணவர் வரலாறு எழுதப்படும் முறையையே கண்டுகொள்வர். தமிழாசிரியர்க்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. மேற்கூறிய புதினங்களைப் பயிலும்போது, கதையில் வரும் செய்திகளுள் ஆவணத்தால் உறுதிப்படுவன எவை, புனைவு எவை எனப் பகுத்துக் காட்டலாம். இலக்கியப் பாடமும் வரலாற்றுப் பாடமும் அங்கே ஒன்றுக்கொன்று துணையாகும்.

குடும்பத்து மூத்தோர் கூறும் செய்திகளை மாணவர் கேட்டு எழுதுவதும் இன்றியமையாதது. சிங்கப்பூரில் 1979இல் தோன்றிய வாய்மொழி வரலாற்று அமைப்பு, 1980களின் தொடக்கத்திலேயே ஜப்பானியர் காலத்து மக்களின் நினைவுகளை ஒலிநாடாவில் பதியத் தொடங்கிற்று. காலத்தில் செய்யப்பட்ட அரும்பணி அது. 1943இல் 18 வயதினராய்ச் சயாம் சென்றவர் 2025இல் 100 வயதை எட்டியிருப்பார். நேரில் கண்டோரின் குரல் ஏறத்தாழ ஓய்ந்துவிட்டது. அவர் சொல்லக் கேட்ட மக்களும் பேரரும் எஞ்சியுள்ளனர். தோட்டங்களோ துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் மறைந்து வருகின்றன. அவற்றோடு பழைய ஏடுகளும் கோயிற் கணக்குகளும் பள்ளிப் பதிவேடுகளும் அழிந்துபோகின்றன. எந்தத் தோட்டத்திலிருந்து யார் சென்றார், யார் திரும்பவில்லை என்று ஒரு மாணவர் ஒரு குடும்பத்தில் கேட்டு எழுதும் ஒரு பக்கம், நாளை ஆய்வாளர்க்குச் சான்றாகக்கூடும். பேரர் சொல்லும் செய்தியில் மறதியும் மிகையும் கலந்திருக்கும்; அதனைப் பிற சான்றோடு ஒப்புநோக்கிப் பதிவு செய்யும் பழக்கத்தையும் அம்மாணவர் உடன் கற்றுக்கொள்வர்.

மாண்ட அனைவரின் பெயரையும் இனி மீட்டல் இயலாது. ஆயினும் ஒரு வகுப்பு ஒரு பெயரை மீட்டாலும், இலட்சம் என்னும் தொகைக்குள் மறைந்திருந்த ஒரு மனிதர்க்கு ஊரும் உறவும் திரும்பக் கிடைக்கும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பணியை இன்றே தொடங்குவாராக.