கடைக்கும் விடுதிக்கும் ஒரு தீச்சட்டம்

லிவர்பூல் மாநகரில் ஹெண்டர்சன்ஸ் என்ற பேரங்காடி 1960 ஜூன் 22ஆம் நாள் தீப்பற்றி எரிந்தது. 11 பேர் மாண்டனர். கடைகளில் தீயினின்று தப்பும் வழி இருத்தல் வேண்டும் என்பதையும் உட்கொண்டு 1963இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. விடுதிகளின் படுக்கையறைகள் அதில் அடங்கவில்லை.

கடைக்கு வருபவன் விழித்திருப்பவன். விடுதியில் தங்குபவனோ வழியறியாத இடத்தில் கண்ணயர்ந்து கிடப்பவன். எவனுக்கு முதலில் காவல் வேண்டும்? 1969 டிசம்பர் 26ஆம் நாள், விடியுமுன், சாஃப்ரன் வால்டன் என்னும் சிற்றூரில் ரோஸ் அண்டு கிரவுன் விடுதி எரிந்து 11 பேர் இறந்த பின்னரே 1971ஆம் ஆண்டின் தீத்தடுப்புச் சட்டம் பிறந்தது. மிகச் சிறியன நீங்கலாக, விடுதிகள் தீயணைப்பு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெறல் வேண்டும் என்றாயிற்று.

அதிகாரி ஆராய்ந்து சென்றபின் உரிமையாளர் கவலையற்றிருக்க அம்முறை இடந்தந்தது. மாணவர்களே, பள்ளி ஆய்வாளர் வந்துபோன மறுநாளை நீங்கள் அறிவீர்கள் அல்லவா? 2006 அக்டோபரில் இங்கிலாந்திலும் வேல்சிலும் சான்றிதழ் முறை ஒழிந்தது. நெருப்பு எங்கே மூளக்கூடும், யார் உறங்குகின்றனர், முதியோரும் குழந்தைகளும் இருளில் எவ்வாறு வெளியேறுவர் என்பனவற்றைப் பொறுப்புடையவரே ஆராய்ந்து மதிப்பிடல் கடமையாயிற்று. இங்கிலாந்தில் 2023 அக்டோபர் முதல், கடை எத்துணைச் சிறிதாயினும், அம்மதிப்பீட்டை முழுமையாக எழுதியும் வைத்தல் வேண்டும்.