பழைய காரின் பூட்டு: உரியவரை வெளியே நிறுத்தும், அந்நியரை உள்ளே விடும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது 2025 இன் தொடக்கத்தில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளாக, ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த கார்களையே நாம் வாங்கினோம், விற்றோம், திருத்தி ஓடினோம். இறக்குமதி தொடங்கிய பின்னரும், வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் புதிய கார் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இல்லை. ஆகவே முப்பது வயதைத் தாண்டிய நிசான் சனியும் ரொயோட்டா கொரோலாவும் மிற்சுபிசி லான்சரும் இன்றும் பல வீடுகளின் மிகப் பெரிய அசையும் சொத்தாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் அவற்றையும் விட மூத்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களும் வீதியில் ஓடுகின்றன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்கள் இவை.

இந்தக் கார்களின் இயந்திரத்துக்கும் வர்ணப்பூச்சுக்கும் இலட்சக்கணக்கில் செலவழிக்கிறோம். கதவுப் பூட்டைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஒன்றில் திறப்பை உள்ளே விட்டுக் கதவு பூட்டுப்படும் நாளில் நினைக்கிறோம், அல்லது கார் களவுபோன நாளில் நினைக்கிறோம். இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தேய்வு.

பூட்டுக்குள் என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் நிற்பது 1980களின் கடைசியில் வந்த கொரோலா. அதன் சாரதிப் பக்கக் கதவைப் பக்கத்து வீட்டு அண்ணரின் மோட்டார் சைக்கிள் திறப்பாலும் திறக்கலாம். அதே திறப்பு மற்றப் பக்கக் கதவைத் திறக்காது. இது ஏன் என்று அறியப் புறப்பட்டபோதுதான் திறப்பு வெட்டுபவர்களிடமும் கராஜ்களிலும் இருந்து இந்தக் கட்டுரைக்கான பல விடயங்கள் எனக்குக் கிடைத்தன.

வீட்டு வாசற்கதவுப் பூட்டில் பெரும்பாலும் உருளை ஊசிகள் இருக்கும். கார்ப் பூட்டில் இருப்பவை மெல்லிய பித்தளைத் தகடுகள். பொதுவாக ஐந்து முதல் பத்து வரையான தகடுகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிறிய சுருள்வில். சரியான திறப்பு உள்ளே போனதும் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். அப்போதுதான் பூட்டு திரும்பும். தவறான திறப்பென்றால் ஏதாவதொரு தகடு நீட்டிக்கொண்டு நின்று தடுக்கும்.

முப்பது ஆண்டுகள் ஒரு நாளைக்குப் பல தடவை திறந்து பூட்டினால் தகட்டின் விளிம்பும் திறப்பின் வெட்டும் சேர்ந்து தேய்கின்றன. தேய்ந்த தகடு கொஞ்சம் மேலே இருந்தாலும், கொஞ்சம் கீழே இருந்தாலும் பூட்டு திரும்பிவிடும். அதனால் அந்நியத் திறப்பும் வேலை செய்யும். சாரதிப் பக்கக் கதவே அதிகம் பாவிக்கப்படுவதால் அதுவே முதலில் தேயும். எங்கள் காரின் மற்றப் பக்கக் கதவு ஏமாறாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

பழைய பிரித்தானியக் கார்களில் இன்னொரு பலவீனமும் உண்டு. அந்நாட்டுத் தயாரிப்புகள் பலவற்றில் பயன்பட்ட எப்.எஸ். வரிசைத் திறப்புகளின் இலக்கம் 876 இல் தொடங்கி 955 இல் முடிந்தது. மொத்தம் 80 வகை மட்டுமே. இந்த வரிசைப் பூட்டுள்ள நூறு கார்களை ஒரே வளவில் நிறுத்தினால், ஒரே திறப்பால் திறக்கக்கூடியவை கட்டாயம் இருக்கும். போதாததற்கு, பல கார்களில் அந்த இலக்கம் பூட்டின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது.

வெளியே நிற்க வைப்பது எது?

திறப்பை மறந்து உள்ளே விடுவது மட்டும் காரணமல்ல. பழைய காரில் வேறு மூன்று வழிகளிலும் இது நடக்கும்.

முதலாவது, கதவுக்குள் இருக்கும் கம்பிகள். திறப்பைத் திருப்பும்போது பூட்டின் பின்புறத்திலுள்ள சிறு நெம்பு ஒரு மெல்லிய கம்பியை இழுக்கிறது. அந்தக் கம்பிதான் கதவைப் பிடித்து வைத்திருக்கும் கொளுவியை விடுவிக்கிறது. கம்பியை நெம்போடு இணைப்பது ஒரு சிறிய பிளாஸ்ரிக் கிளிப். வெயிலில் காய்ந்து அது உடைந்தால் திறப்பு சும்மா சுற்றும், கதவு திறக்காது.

இரண்டாவது, பின்னர் பொருத்திய ரிமோட் பூட்டு. கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையில் வளைந்து நிமிரும் வயர் உள்ளே அறுந்து ஒன்றோடொன்று முட்டினால், யாரும் தொடாமலே நான்கு கதவுகளும் பூட்டுப்படலாம். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, சாரதி கேற் திறக்க இறங்கிய நேரத்திலும் அது நடக்கலாம்.

மூன்றாவது, பற்றரி இறங்குவது. பல வருடங்கள் ரிமோட்டை மட்டும் அழுத்திப் பழகியிருப்போம். திறப்புத் துவாரம் பாவனையின்றித் துருப்பிடித்து இறுகியிருக்கும். பற்றரி இறங்கிய அன்று ரிமோட் வேலை செய்யாது, திறப்பும் திரும்பாது. பற்றரி இருக்கும் பொனெற்றைத் திறக்கும் நெம்போ காருக்குள்ளே இருக்கும்.

பூட்டுப்பட்டு விட்டால்

முதலில் எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். பழைய காரில் நான்கு கதவுகளும் ஒரே நிலையில் இருப்பது அரிது. திறப்பு கையில் இருந்து சாரதிக் கதவு திறக்கவில்லை என்றால் மற்றப் பக்கக் கதவில் போட்டுப் பாருங்கள். டிக்கி திறந்தால், சில கார்களில் பின் இருக்கையின் சாய்மனையை மடித்து உள்ளே போகலாம்.

கண்ணாடி விளிம்பால் இரும்புத் தகட்டை உள்ளே விட்டுக் கம்பியை இழுப்பது பலருக்கும் தெரிந்த முறை. ஆனால் பழக்கமில்லாத கை இதைச் செய்தால் கம்பி கிளிப்பை விட்டுக் கழன்றுவிடும், கண்ணாடி இறப்பர் கிழியும், கண்ணாடி உயர்த்தும் வயரும் அறுபடலாம். வழி தெரிந்த ஒருவரை அழைப்பது, பிறகு கதவைக் கழற்றித் திருத்துவதைவிட மலிவு.

வருபவர் உங்கள் அடையாள அட்டையையும் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் கேட்டால் கோபிக்க வேண்டாம். அப்படிக் கேட்பவரையே நம்பலாம். ஒன்றும் கேளாமல் உங்கள் காரைத் திறப்பவர், நாளை வேறொருவர் அழைத்தாலும் ஒன்றும் கேளாமல் அதே காரைத் திறப்பார்.

பிள்ளை உள்ளே இருந்தால்

மேலே சொன்ன பொறுமை எதுவும் இங்கே பொருந்தாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 பாகை செல்சியஸ் கூடும். கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கி விட்டிருந்தாலும் பெரிய வேறுபாடு இராது. சிறு பிள்ளையின் உடல் பெரியவரின் உடலைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

பிள்ளை சோர்ந்தாலோ அழுகையை நிறுத்தினாலோ திறப்புக்காரரைக் காத்திருக்கக் கூடாது. கண்ணாடியை உடைக்க வேண்டும். முன் கண்ணாடியில் அடிக்காதீர்கள். அது இரு கண்ணாடிகளுக்கு நடுவே படலம் ஒட்டிய வகையாக இருந்தால் உடைந்தாலும் வழிவிடாது. பிள்ளையிலிருந்து மிகத் தூரத்திலுள்ள பக்கக் கண்ணாடியைத் தெரிந்து, அதன் நடுவில் அல்லாமல் மூலையில், கூரான கடினமான பொருளால் அடியுங்கள். அது சிறு மணிகளாக உதிரும். அதே நேரம் இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கேட்கட்டும். 119 பொலிஸ் அவசர இலக்கம். ஒரு கண்ணாடியைப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடிக்கலாம்.

களவுக்கு எதிராக

ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஒக்டோபர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இலத்திரனியல் இயக்கத்தடை கட்டாயமானது. திறப்புக்குள் இருக்கும் சில்லைக் கார் அடையாளம் காணாவிட்டால் இயந்திரம் இயங்காது. நம்மிடம் உள்ள 1980கள், 90களின் ஜப்பானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. கதவைத் திறந்து, தேய்ந்த சுவிச்சையும் ஏதோவொரு திறப்பால் திருப்பத் தெரிந்தவர் காரை ஓட்டிக்கொண்டு போகலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவருக்குக் களவுபோன காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. பழைய கார்ச் சொந்தக்காரர் பலர் அந்தக் காப்புறுதியோடுதான் ஓடுகிறார்கள்.

உங்கள் காரை நீங்களே பரிசோதிக்கலாம். வீட்டிலுள்ள வேறு வாகனத் திறப்புகளை ஒவ்வொரு கதவிலும் சுவிச்சிலும் மெதுவாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றாவது திரும்பினால் தகடுகள் தேய்ந்துவிட்டன. இயந்திரம் ஓடும்போதே திறப்பை வெளியே இழுக்க முடிந்தாலும் அதே பொருள்தான்.

என்ன திருத்தலாம்?

தேய்ந்த திறப்பைக் கொடுத்து இன்னொன்று வெட்டினால் தேய்வும் சேர்ந்தே பிரதியாகும். திறப்பின் குறியீட்டு இலக்கம் இருந்தால் அதைக் கொண்டு வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், அதிகம் தேயாத மற்றப் பக்கக் கதவின் பூட்டைக் கழற்றி, அதன் தகடுகளைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். மேலதிகத் திறப்பு ஒன்று வீட்டில், காருக்கு வெளியே இருக்க வேண்டும்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் ஊர் வழக்கம். சில நாள் இலகுவாகத் திரும்பும். பிறகு எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடிக்கும், தகடுகள் மேலும் இறுகும். பூட்டைத் துப்புரவாக்கிய பின் காரீயத் தூள் இடுவதே நல்லது. போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டி உலகெங்கும் அனுப்பும் காரீயம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மென்மையான பென்சில் கூரைச் சுரண்டிய தூளும் உதவும்.

உள்ளே காளான் தலை போன்ற பூட்டுக் குமிழ் இருந்தால், வழுவழுப்பான நேர்க் குமிழாக மாற்றுங்கள். கம்பிச் சுருக்குக்கு அது அகப்படாது. ரிமோட் இருந்தாலும் கிழமைக்கு ஒரு தடவை திறப்பால் பூட்டித் திறவுங்கள். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்து வையுங்கள். கரையோர ஊர்களில் கொளுவியைத் தின்பது உள்ளே தேங்கும் நீரும் உப்புக் காற்றும்தான்.

களவைத் தடுக்க, பெற்றோல் பம்புக்கோ கொயிலுக்கோ மின் போகும் வயரில் மறைவான சுவிச் ஒன்றைப் போடலாம். ஸ்டியரிங்கில் இரும்புப் பூட்டும் போடலாம். பழைய சாரதிகள் சிலர் டிஸ்ரிபியூட்டரின் ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். இன்றும் அந்த வகைக் காருக்கு அது நல்ல காவல்தான். பதிவுப் புத்தகத்தை மட்டும் காருக்குள் வைக்காதீர்கள். அது கையில் கிடைத்தால் களவுகாரருக்குக் காரை விற்பதும் இலகுவாகிவிடும்.

கதவுப் பூட்டைப் புதுப்பிப்பது கராஜில் பெரும்பாலும் அரை நாள் வேலை. அடுத்த தடவை எண்ணெய் மாற்றப் போகும்போது, பூட்டையும் ஒருதரம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.