மலைக்கள்ளனும் மாயாவியும்

பகலில் கண்ணியவான், இரவில் கள்ளன். முகத்தை மறைத்துக்கொண்டு ஊருக்கு நியாயம் வழங்குகிறவன். இப்படி ஒரு மனிதனைக் கதையில் படைப்பது சுலபம். அவனைக் காகிதத்திலிருந்து இறக்கி வெள்ளித் திரையில் நடமாட விடுவதுதான் கஷ்டம். காகிதத்தில் இருக்கும்போது அவனைச் சுற்றியுள்ள இருட்டை வாசகன் தன் மனத்தால் நிரப்பிக்கொள்கிறான். திரையிலோ, விளக்கைப் போட்டுத்தான் இருட்டையே காட்ட வேண்டியிருக்கிறது!

இந்தக் கஷ்டமான காரியத்தை எழுபது வருஷங்களுக்கு முன்பே கொங்கு நாடு செய்து காட்டியிருக்கிறது. அந்நாளில் தமிழ் சினிமா என்றால் சென்னை மட்டும் அல்ல, கோயமுத்தூருந்தான். நூல் நூற்ற பணத்தில் ஒரு பங்கு அங்கே படம் பிடிக்கவும் போயிற்று. பஞ்சாலை முதலாளிகள் சேர்ந்து சென்டிரல் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். அதில் பங்கு கொண்டிருந்த எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, பிறகு பட்சிராஜா ஸ்டூடியோவை நிறுவினார். அந்த ஸ்டூடியோவிலிருந்து 1954ஆம் வருஷம் வெளிவந்தது ‘மலைக்கள்ளன்’.

கதை நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையினுடையது, வசனம் மு. கருணாநிதி, கதாநாயகன் எம். ஜி. ராமச்சந்திரன், கதாநாயகி பானுமதி. மலையிலே மறைவிடம் அமைத்துக்கொண்டு, அக்கிரமக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுக்கிறான் ஒருவன். அவனே அப்துல் ரஹீம் என்ற வியாபாரியாக ஊருக்குள் உலவுகிறான். போலீஸார் அவனைத் தேடி அலைகிறார்கள். அவனோ அவர்களுடன் சாவதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். ஜனங்கள் கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்தார்கள். ஜனாதிபதியின் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. தெலுங்கு, ஹிந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய ஐந்து பாஷைகளிலும் அதே கதையைத் திரும்பவும் எடுத்தார்கள். ஹிந்தியில் திலீப் குமார் நடித்த ‘ஆசாத்’ படத்தை 1955இல் ஸ்ரீராமுலு நாயுடுவே டைரக்ட் செய்தார்.

இதற்கு ஒப்பான பாத்திரம் அமெரிக்காவிலும் உண்டு. 1919இல் ஜான்ஸ்டன் மக்கல்லி எழுதிய ஜோரோ கதை மறு வருஷமே டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸ் நடித்த படமாயிற்று. அந்த ஜோரோவின் சாயலில் 1939இல் பிறந்தவன்தான் சித்திரக்கதை வீரனான பேட்மேன், வௌவால் மனிதன். பாப் கேனும் பில் ஃபிங்கரும் அவனை உருவாக்கினார்கள். தாயையும் தந்தையையும் தன் கண்ணெதிரே கொள்ளைக்காரனுக்குப் பறிகொடுத்த பையன், பெரியவனானதும் இரவில் கறுப்பு அங்கி அணிந்து குற்றவாளிகளை வேட்டையாடுகிறான். துக்கத்தில் முளைத்த கதை அது.

ஆனால் சினிமாக்காரர்கள் அந்தத் துக்கத்தைக் கண்டு வெகு காலம் பயந்தார்கள். 1943இல் பதினைந்து பாகங்கள் கொண்ட தொடர் படமாக எடுத்தபோது அவன் வெறும் சாகசக்காரன். 1966இல் கோமாளி, பிரகாசமான வர்ணங்களில் குதித்துக் குதித்துச் சண்டை போட்டான். 1989இல் டிம் பர்ட்டன் எடுத்த படத்தில்தான் அவனுக்கு உரிய இருட்டு திரும்பக் கிடைத்தது. அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆஸ்கார் பரிசு எதற்கு என்று நினைக்கிறீர்கள்? நடிப்புக்கு அல்ல, கதைக்கு அல்ல, கலை நிர்மாணத்துக்கு. அதாவது அந்த வீரன் வாழும் கோதம் என்ற கற்பனை நகரத்தை, அதன் புகையும் அழுக்குமாகக் கட்டி எழுப்பியதற்கு. வீரனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அவன் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் அந்த வழியிலேயே இன்னும் சற்றுத் தூரம் போனார்.

இனி நம்முடைய சித்திரக்கதை வீரனிடம் வருவோம். 1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழின் நாயகன் ‘இரும்புக்கை மாயாவி’. ஆசாமி சொந்த ஊர்க்காரன் அல்ல. 1962இல் லண்டனில் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் பிறந்தவன். கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜீஸஸ் பிளாஸ்கோ வரைந்தார். ஆனால் தமிழ்ப் பையன்கள் அவனுடைய பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை. கோடை விடுமுறையில் தங்கள் வீட்டுத் திண்ணைக்கே அவனை அழைத்து வந்துவிட்டார்கள்.

அவன் கதையைச் சற்று யோசித்துப் பாருங்கள். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆராய்ச்சிச் சாலை உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். மின்சாரம் தாக்கியதும் உடல் மறைந்துவிடுகிறது. இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரிகிறது. இந்தச் சக்தி கிடைத்தவுடன் அவன் தர்மம் செய்யக் கிளம்பவில்லை. திருடக் கிளம்பினான்! பிறகுதான் மெள்ள மெள்ள மனம் மாறி, நிழற்படை என்ற உளவு ஸ்தாபனத்தில் சேர்ந்து நல்லவனானான்.

இங்கேதான் மலைக்கள்ளனுக்கும் மாயாவிக்கும் உள்ள வித்தியாசம். மலைக்கள்ளனைச் சூழ்ந்த இருட்டு வெளியே இருப்பது. அங்கியைக் கழற்றினால் உள்ளே மாசு மறுவற்ற உத்தமன். ‘கள்ளன்’ என்ற பட்டம்கூட ஊரார் தெரியாமல் கொடுத்தது. மாயாவியின் இருட்டோ அவனுக்குள்ளேயே இருக்கிறது. கை போன கோபமும், கண்ணுக்குத் தெரியாமல் எதையும் செய்துவிடலாம் என்ற ஆசையும் அவனைக் குற்றவாளியாக்குகின்றன. மலைக்கள்ளனைத் திரைக்குக் கொண்டுவர ஒரு நல்ல நட்சத்திரம் போதும். மாயாவியைக் கொண்டுவர, அந்த நட்சத்திரம் கொஞ்ச நேரமாவது கெட்டவனாக இருக்கச் சம்மதிக்க வேண்டும்.

கோவைக்குத் தெற்கே கிணத்துக்கடவைச் சேர்ந்த லோகேஷ் கனகராஜ், ‘கைதி’ (2019), ‘விக்ரம்’ (2022) முதலிய இருட்டுப் படங்களால் பெயர் பெற்றவர், ‘இரும்புக்கை மாயாவி’ என்ற பெயரில் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையைப் பல முறை வெளியிட்டிருக்கிறார். 2025 முடியும்வரை அது கொட்டகைக்கு வரவில்லை. 2012இல் மிஷ்கின் எடுத்த ‘முகமூடி’யில் அங்கியும் முகமூடியும் இருந்தன, ஜனங்கள் மனம் ஒட்டவில்லை. 2021இல் வந்த மலையாளப் படமான ‘மின்னல் முரளி’ ஒட்டியது. அதன் கதாநாயகன் ஒரு சின்ன ஊர்த் தையற்காரன். அவனை எதிர்ப்பவனும் ஊரார் ஏளனத்தால் நொந்து போன ஒரு சாமானியன். அங்கி இரவல்தான், ஆனால் காயம் உள்ளூர்க் காயம்.

அப்படியானால் இரும்புக் கைக்கு நம் பக்கத்தில் ஊர் எது? திருப்பூர் என்பேன். பனியன் கம்பெனிகளில் கையும் இயந்திரமும் ஷிப்டுக்கு ஷிப்டு பக்கத்தில் பக்கத்தில் உழைக்கும் ஊர். கையை இழப்பது அங்கே விஞ்ஞானக் கற்பனை அல்ல. கொஞ்சம் அஜாக்கிரதையாக இருந்தால் நடக்கக்கூடியது. இருட்டுக்கும் அங்கே குறைவில்லை. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து ஓடியது. 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு நீர் தேக்குவதற்குப் பதிலாகச் சாயத்தைத் தேக்கியது. கீழேயுள்ள நிலங்கள் உப்புப் பூத்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதியை நிறைவேற்றாத சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் நின்றன. நதிக்கு மூச்சு வந்தது. அதே நாளில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு அணைந்தது.

இந்த ஊருக்கு ஒரு முகமூடி வீரன் வந்தால் யாரை அடிப்பான்? சாயப்பட்டறைக்காரரையா? அவரிடம் கூலி வாங்கிக் குழந்தைகளைப் படிக்க வைத்தவர்களையா? குறைந்த விலைக்குச் சிவப்புச் சட்டை கேட்ட கடல் கடந்த வியாபாரியையா? அதை வாங்கி உடுத்திய நம்மையா? மலைக்கள்ளன் காலத்து வில்லனைப் போல் முறுக்கு மீசையோடு ஒருவன் வந்து நிற்கப் போவதில்லை. எல்லார் கையிலும் கொஞ்சம் சாயம் ஒட்டியிருக்கிறது. வீரனுடைய இரும்புக் கையிலும்தான்.

இத்தகைய நாயகனை நம் ஜனங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். மாறு கால் மாறு கை வாங்கப்பட்ட மதுரைவீரனை ஊர் எல்லையில் நிறுத்திப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறவர்கள் அவர்கள். 1956இல் அவன் கதை படமாக வந்தபோது, அடிபட்டுச் சாகும் எம். ஜி. ராமச்சந்திரனையும் பார்த்து அழுதவர்கள். குற்றமும் தண்டனையும் பெற்றவனைத் தெய்வமாக்கத் தெரிந்த ஜனங்களுக்கு மாயாவி அந்நியனல்ல. அவனை எடுக்கப் போகிறவர்கள் அவனைத் துடைத்து மெருகேற்றிக் கெடுக்காமல், இரும்புக் கையை அதன் துருவோடு கொண்டுவந்தால் போதும்.