ஆறு சதவீதம் என்றால் எவ்வளவு?

1950களின் அமெரிக்காவில் கடன் கொடுப்பவர் வாயிலிருந்து வரும் ‘ஆறு சதவீதம்’ ஆளுக்கு ஆள் மாறும். 1000 டாலர் வாங்கி, ஆண்டு முடிவில் 1060 ஆகத் திருப்பிக் கொடுத்தால் அது ஆறு, சிக்கல் இல்லை. அதே ஆயிரத்துடன் 60 டாலர் வட்டியை முதல் நாளே கூட்டி, 1060-ஐப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்தாலும் அவர்கள் அதை ஆறு என்றே சொன்னார்கள். ஆனால் முழு ஆயிரமும் நம் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். பாதி ஆண்டில் ஏறக்குறைய பாதிக் கடன் தீர்ந்திருக்கும். வட்டி மட்டும் ஆண்டு முழுவதும் ஆயிரத்துக்கே ஓடும். உண்மையான ஆண்டு வீதம் கிட்டத்தட்ட 11. வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 940 கொடுத்து, ஆயிரத்தைத் தவணையில் வசூலித்தால் 11.6. பெரிய அங்காடிகளோ ஆண்டுக் கணக்கையே எடுக்கவில்லை. மாதம் ஒன்றரை என்றன.

கடன் மென்பொருள்களுக்கு ஆலோசனை சொல்லிச் சம்பாதிப்பவன் நான். ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் ஏ.பி.ஆர். என்ற ஆண்டு வீதத்தை எத்தனையோ முறை சோதித்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஓர் எண்ணை அங்கே கொண்டுவர எட்டு ஆண்டுச் சண்டை நடந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

சண்டையைத் தொடங்கியவர் பால் டக்ளஸ். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியர். பொருளியல் படித்தவர்கள் மறக்கமுடியாத காப்–டக்ளஸ் சமன்பாட்டில் பாதி அவருடையது. 1942-ல், ஐம்பது வயதில், கடற்படைக் காலாட்படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். ஒகினாவாவில் பட்ட காயத்தில் இடது கை செயலிழந்தது. பிறகு இல்லினாய் மாநிலத்தின் செனட்டர். 1960-ல் அவர் கொண்டுவந்த மசோதா எந்த வட்டிக்கும் உச்சவரம்பு வைக்கவில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குங்கள், அதை ஆண்டு வீதமாக ஒரே முறையில் கணக்கிட்டு எழுதிக் காட்டுங்கள் என்றது. அவ்வளவுதான்.

அதற்கே வங்கிகளும் அங்காடிகளும் கொதித்தன. கணக்கு மிகக் கடினம், கடைச் சிப்பந்தியால் போடமுடியாது என்பது முக்கியமான வாதம். அதையும் காப்–டக்ளஸ்காரரிடமே போய்ச் சொன்னார்கள்! பொய் என்று தள்ளிவிட முடியாது. தவணைத் தொகையிலிருந்து வீதத்தைக் கண்டுபிடிக்க நேரான சூத்திரம் கிடையாது. ஓர் எண்ணை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போடவேண்டும். எங்கள் நிரல்களும் இன்றுவரை இதையே செய்கின்றன. ஆனால் விற்பவரால் போடமுடியாத கணக்கைத் தவணையில் குளிர்பதனப் பெட்டி வாங்க வந்தவர் மனத்தில் போடுவார் என்று எதிர்பார்த்தார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அமெரிக்க மத்திய வங்கியே அட்டவணைப் புத்தகங்கள் அச்சிட்டது. சிப்பந்தி வரிசையைப் பார்த்து எண்ணை எடுத்தெழுதினால் போதும்.

செனட் வங்கிக் குழுவின் தலைவர், வர்ஜீனியாவின் வில்லிஸ் ராபர்ட்சன், மசோதாவை ஆண்டுக்கணக்கில் நகரவிடவில்லை. 1966-ல் அவர் சொந்தக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் டக்ளஸும் தோற்றார். தடுத்தவரும் போனார், பெற்றவரும் போனார். மசோதாவை விஸ்கான்சின் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் கையிலெடுத்தார். 1967-ல் 92-க்கு 0 என்று செனட்டில் நிறைவேறியது. விலையாக, அங்காடிகளின் சுழல் கடனுக்கு ஆண்டு வீதத்திலிருந்து விலக்கு. கீழவையில் மிசூரியின் லியோனர் சல்லிவன் அந்த விலக்கை ஏற்க மறுத்து நின்றார். மாதம் ஒன்றரை 18 ஆகவே எழுதப்படவேண்டும் என்ற அவர் பக்கம்தான் வென்றது. 1968 மே 29-ல் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். 1969 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு நம்மூர்ச் சந்தைகளின் தண்டல் நினைவுக்கு வந்தது. ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு, ஆண்டுக்கு 24. கடுமைதான், ஆனால் அதில் ஒளிவு இல்லை. தண்டல் அப்படியல்ல. ஆயிரம் என்று பேசி 900 கையில் தருவார்கள்; தினம் பத்து ரூபாயாக நூறு நாள் கட்டவேண்டும். ‘நூற்றுக்குப் பத்துத்தானே’ என்பார்கள். டக்ளஸின் முறைப்படி போட்டால் ஆண்டுக்கு 77 சதவீதத்துக்கு மேல் வருகிறது. பூக்கார அம்மாவுக்கு அந்த எண்ணை யாரும் எழுதிக் காட்டியதில்லை. காட்டியிருந்தாலும் அவர் வாங்கியிருப்பார். மறுநாள் காலைக்குப் பூ வாங்கப் பணம் வேண்டுமே.

இங்கிலாந்தில் வாழும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே ஏ.பி.ஆர். கூட்டுவட்டியில் போடப்படுகிறது. மாதம் ஒன்றரை அமெரிக்காவில் 18, அங்கே 19.6. இரு நாட்டு விளம்பரங்களையும் அப்படியே ஒப்பிடக்கூடாது.

இன்று அமெரிக்கத் தெருமுனைகளில் சம்பள நாள் வரைக்கும் என்று கடன் தருகிறார்கள். நூறு டாலருக்கு இரண்டு வாரத்துக்குப் பதினைந்து டாலர் கட்டணம். சட்டப்படி அதை 391 சதவீதம் என்று எழுதியாகவேண்டும். இரண்டே வாரக் கடனுக்கு ஆண்டு வீதம் சொல்வது வாடிக்கையாளரைக் குழப்பும் என்று கடன் கொடுப்போர் இன்றும் முறையிடுகிறார்கள்.