விண்வெளி வானிலைப் பயன்பாட்டுக் கருவிகள்

சூரியச் சீற்றங்கள் பற்றிய ஆய்வை மின்சாரம், விமானம், செயற்கைக்கோள் ஆகிய துறையினர் கையாளக்கூடிய எச்சரிக்கைகளாகவும் வரைபடங்களாகவும் மாற்றித் தருபவை.

1989 மார்ச் 13 அன்று சூரியச் சீற்றத்தால் எழுந்த காந்தப்புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மின்தொகுப்பை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் முடக்கியது. சுமார் 60 லட்சம் பேர் மின்சாரமின்றித் தவித்தனர். புயலால் நிலத்தில் தூண்டப்படும் மின்னோட்டம் நீண்ட மின்தடங்கள் வழியே மின்மாற்றிகளுக்குள் புகுந்துவிடும். கியூபெக்கின் தொன்மையான பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாததால் பாதிப்பு கூடியது.

காந்தப்புயலின் வலிமையைக் காட்ட ஆய்வாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் கேபி (Kp) குறியீடு, உலகம் முழுமைக்கும் மூன்று மணி நேரத்துக்கு ஒரே எண். துணைமின்நிலையப் பொறியாளருக்கு அதனால் பெரிய பயனில்லை. தம் வட்டாரத்தில் கிலோமீட்டருக்கு எத்தனை வோல்ட் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். காந்தமானி அளவீடுகளையும் நிலத்தின் கடத்துதிறனையும் இணைத்து, அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் வெளியிடும் நிலமின்புல வரைபடம் அதைச் சொல்கிறது. ஆய்வு கருவியானதற்கு இதுவே சிறந்த சான்று.

விமானங்களுக்கான உலகளாவிய விண்வெளி வானிலை அறிவிப்புகள் 2019 நவம்பரில் தொடங்கின. செயற்கைக்கோள் துறைக்குப் பாடம் 2022 பிப்ரவரியில் கிடைத்தது: புதிதாக ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 வீழ்ந்தன. அப்போது வீசிய காந்தப்புயல் என்னவோ சிறியதுதான். சூடேறி அடர்ந்த மேல்வளிமண்டலம் அவற்றைக் கீழே இழுத்தது.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியக்காற்றை அளக்கும் விண்கலங்கள் தரும் முன்னெச்சரிக்கை நேரம், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவே.